உதிர்ந்துபோன ‘ஆம்’: எச். எச். ஹோம்ஸ் வழக்கின் இருவகைச் சான்றுகள்

சென்ற மாதம் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில், வரலாற்றுத் துறையில் முதுகலை பயிலும் இளவல் ஒருவர் அமெரிக்காவின் ‘முதல் தொடர் கொலையாளி’ எச். எச். ஹோம்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சிக்காகோவில் நூறு அறைகள் கொண்ட ஒரு கோட்டையைக் கட்டினான். 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியைக் காண வந்தவர்களை அங்கே தங்கவைத்தான். நச்சுவாயு அறையில் அடைத்தான். பொறிக்கதவு வழியாக நிலவறைக்குத் தள்ளினான். அமிலத் தொட்டியில் கரைத்தான். 200 பேரைக் கொன்றான். சுற்றி இருந்தவர்கள் தட்டில் கை காய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தனர். நானும் கேட்டேன். ஆனால் மொழியியல் படித்த பழக்கத்தால் என் காது வேறொன்றில் நின்றுவிட்டது. கட்டினான், அடைத்தான், கரைத்தான், கொன்றான் என்று அடுக்கிக்கொண்டே போனாரே தவிர, ஓரிடத்திலும் அவர் ‘கட்டினானாம்’ என்றோ ‘கொன்றானாம்’ என்றோ சொல்லவில்லை.

தமிழில் இந்த ‘ஆம்’ மிகச் சிறிய ஒட்டு. ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்று பாட்டி தொடங்கும்போதே, இது நான் கண்டதன்று, கேட்டது என்ற பொறுப்புத்துறப்பு வினைமுற்றிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. செய்தியின் மூலம் எது என்பதை இலக்கணக் கூறாகவே குறிக்கும் வழக்கம் உலக மொழிகள் பலவற்றில் உண்டு. ஆங்கிலத்தில் அதைத் தனிச் சொற்களாலும் தொடர்களாலும்தான் சொல்ல வேண்டும். அவற்றை வெட்டிவிட்டாலும் வாக்கியம் நின்றுவிடும். எழுத்துத் தமிழிலும் நாம் ‘ஆம்’ என்பதைப் பெரும்பாலும் தவிர்த்து, ‘என்று கூறப்படுகிறது’ என்று நீட்டி, பிறகு இடம் போதாமல் அதையும் வெட்டிவிடுகிறோம். ஹோம்ஸைப் பற்றி நிலவும் கதையின் பெரும்பகுதி, இவ்வாறு ஒவ்வொரு மறுகூற்றிலும் ஓர் ‘ஆம்’ உதிர்ந்து உருவானது. அவ்வழக்கில் எந்த ‘ஆம்’ என்பதும் தேவைப்படாத சில தாள்களும் உண்டு. அவற்றைத்தான் யாரும் பேசுவதில்லை. அன்றிரவு அந்த இளவலிடம் சொல்லத் தொடங்கி முடிக்க இயலாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய இயற்பெயர் ஹெர்மன் வெப்ஸ்டர் மட்ஜெட். 1861 மே 16 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் கில்மன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தான். பதினேழு வயதில் திருமணம், ஒரு மகன். 1884இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். 1886இல் சிக்காகோவின் தென்புறப் பகுதியான எங்கிள்வுட்டுக்கு வந்தபோது ஹென்றி ஹோவர்ட் ஹோம்ஸ் என்ற பெயரைச் சூடிக்கொண்டான். முதல் மனைவியை விலக்காமலேயே 1887இல் இரண்டாவதாகவும், 1894இல் மூன்றாவதாகவும் மணந்தான். கடனுக்குப் பொருள் வாங்கி விற்பது, கடன்காரர் வந்தால் சொத்து வேறொருவர் பெயரில் இருப்பதாகக் காட்டுவது, காப்பீட்டு நிறுவனங்களை ஏமாற்றுவது இவையே அவனுடைய அன்றாடத் தொழில். கொலை அத்தொழிலின் தொடர்ச்சியாகவே வந்தது என்பது என் வாசிப்பு. பிறவிப் பேய் என்ற படிமம் அவனே விற்ற சரக்கு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

எங்கிள்வுட்டில் அவன் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மருந்துக்கடையில். அக்கடையின் முதிய உரிமையாளர் நோயில் கிடந்தார், அவர் இறந்ததும் அவருடைய விதவையை ஹோம்ஸ் தீர்த்துக்கட்டிக் கடையைக் கைப்பற்றினான் என்பது பல நூல்களில் காணப்படும் முதல் கொலைக் கதை. உண்மையில் கடைக்குரிய மருத்துவர் எலிசபெத் ஹோல்டன் என்ற பெண்மணி. அவரும் அவர் கணவரும் ஹோம்ஸைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். ஹோம்ஸ் தூக்கிலிடப்பட்ட பின்னரும் அதே எங்கிள்வுட்டில் வாழ்ந்தவர்கள். நகர முகவரிப் பதிவுகளைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். அறுபது எழுபது ஆண்டுகள் ஒருவரும் புரட்டவில்லை.

‘கோட்டை’ என்பதும் இப்படித்தான். 63ஆம் தெருவும் வாலஸ் தெருவும் சந்திக்கும் முனையில் 1887இல் அவன் கட்டத் தொடங்கியது, கீழே கடைகளும் மேலே வாடகைக் குடியிருப்புகளும் கொண்ட இரண்டடுக்குக் கட்டடம். எஃகு தந்தவர்களுக்கும் பணம் தரவில்லை; வழக்கு வந்தது. 1892இல், கண்காட்சி விருந்தினருக்கான விடுதி என்று சொல்லி, மூன்றாம் அடுக்கை எழுப்பினான். அந்த விடுதி ஒழுங்காக இயங்கியதற்குச் சான்று இல்லை. முதலீட்டாளர்களிடமும் காப்பீட்டாளர்களிடமும் பணம் பறிக்க அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. 1893 ஆகஸ்டில் மூன்றாம் அடுக்கில் தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஐயுற்றன. ஹோம்ஸ் ஊரைவிட்டு நழுவினான். மறைவறைகள் இருந்தது உண்மை. அவற்றில் ஒன்றிலிருந்து வெளிவந்தவை, கடனுக்கு வாங்கிப் பணம் கட்டாத அறைகலன்கள்.

நம் நாட்டினருக்கு 1893 சிக்காகோ என்றால் சமயப் பேரவையும் விவேகானந்தரும்தாம் நினைவுக்கு வருவர். சென்னை அன்பர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிய பயணம் அது. அதே கண்காட்சியின் நிழலில் இக்கதையும் நடந்தது என்பது கேட்பவருக்கு ஒரு கிளர்ச்சியைத் தருகிறது. அமெரிக்க எழுத்தாளர்களையும் அவ்வெதிர்முரண்தான் ஈர்த்தது. ஆனால் சிக்காகோவில் அவனால் கொல்லப்பட்டவர் என்று பெயரிட்டுச் சொல்லத்தக்க எவரும் வழிப்போக்கர் அல்லர். அவனிடம் பணியாற்றிய ஜூலியா கானர், அவருடைய சிறுமகள் பெர்ல். தட்டச்சராகப் பணியாற்றிய எமிலின் சிக்ரண்ட். டெக்சஸில் நிலம் வைத்திருந்த மின்னி வில்லியம்ஸ், அவருடைய தங்கை நானி. நானி மட்டும் கண்காட்சியைக் காண வந்தவர். அவரும் அக்காளைப் பார்க்க வந்தவரே. ஐவரும் 1891க்கும் 1893க்கும் இடையில் மறைந்தனர். ஐவருமே அவனை நம்பும் அளவுக்கு அவனை அறிந்தவர்கள்.

அடுத்தது பைட்ஸல் வழக்கு. பெஞ்சமின் பைட்ஸல் ஒரு தச்சர். குடிப்பழக்கமும் ஐந்து பிள்ளைகளும் உடையவர். ஹோம்ஸின் மோசடிகளில் நெடுங்காலக் கூட்டாளி. ஃபிலடெல்பியாவின் ஃபிடலிட்டி மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் அவர் பெயரில் 10,000 டாலருக்கு ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டது. திட்டம் எளியது: எங்கிருந்தாவது ஒரு பிணத்தைக் கொண்டுவந்து, அதைப் பைட்ஸல் என்று அடையாளம் காட்டித் தொகையைப் பெறுவது. 1894 செப்டம்பர் தொடக்கத்தில் ஃபிலடெல்பியாவின் காலோஹில் தெருவில் ஒரு வீட்டில் எரிந்த முகத்தோடு பிணம் கிடைத்தது. அது பைட்ஸலின் பிணமேதான். அவருடைய மனைவி கேரிக்கு இது தெரியாது. கணவர் எங்கோ ஒளிந்திருக்கிறார், திட்டம் நிறைவேறிவிட்டது என்றே அவர் நம்பினார். உடல்நலமின்றி இருந்த அவர், பிணத்தை அடையாளம் காட்டத் தம் இரண்டாவது மகள் ஆலிஸை அனுப்பினார். பதினைந்து வயதை ஒட்டிய சிறுமி. அவள் பார்த்தது தன் தந்தையையே.

அதன்பின் ஹோம்ஸ் கேரியிடம் வந்து, ஆலிஸோடு நெல்லியையும் ஹோவர்டையும் தன்னோடு அனுப்புமாறு கேட்டான். குடும்பம் முழுவதும் பின்னர் தந்தையோடு சேரலாம் என்றான். நெல்லிக்குப் பதினொன்று இருக்கும்; ஹோவர்ட் அவளினும் இளையவன். கேரி அனுப்பினார். மூத்த மகள் டெஸ்ஸியும் கைக்குழந்தை வார்ட்டனும் அவரிடம் இருந்தனர். அடுத்த சில வாரங்களில் ஹோம்ஸ் மூன்று குழுக்களை ஒரே நேரத்தில் நகரம் நகரமாக நகர்த்தினான்: மூன்று பிள்ளைகள் ஒரு விடுதியில், கேரியும் இருவரும் வேறொரு விடுதியில், எதுவும் அறியாத அவனுடைய மூன்றாம் மனைவி மற்றோரிடத்தில். சின்சினாட்டி, இண்டியானாபோலிஸ், டெட்ராய்ட், டொராண்டோ. டெட்ராய்ட்டில் தாயும் பெண்மக்களும் ஒரே நாள்களில் சில தெருக்கள் இடைவெளியில் இருந்தனர். இரு தரப்பாருக்கும் அது தெரியாது.

இங்கேதான் நான் முன்னே குறிப்பிட்ட தாள்கள் வருகின்றன. பிள்ளைகள் தாய்க்கும், தாயின் பெற்றோருக்கும் கடிதங்கள் எழுதினார்கள். அஞ்சலில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிய ஹோம்ஸ் அவற்றை அனுப்பவில்லை. கிழித்து எறியவும் இல்லை. ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தான்.

ஒரு கொலையாளியைப் பற்றிய ஆவணத் தொகுதியில், கொலையாளியைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாத சான்று இக்கடிதங்கள். எழுத்துப்பிழை மலிந்த, நிறுத்தக்குறி இல்லாத, பேசுவது போலவே ஓடும் பிள்ளைத்தன ஆங்கிலம். ஆலிஸ் இத்தனை கடிதம் எழுதியும் பதில் வரவில்லையே என்று கேட்கிறாள். விடுதி அறையில் அடைந்து கிடப்பதையும், பொழுது போக்கப் படித்த நூலையும் சொல்கிறாள். அக்டோபர் 14 அன்று டெட்ராய்ட்டிலிருந்து தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் குளிர் மிகுந்துவிட்டது, அவளுக்கும் நெல்லிக்கும் சளி, கைகள் வெடித்திருக்கின்றன. மெல்லிய சட்டையில் நடுங்குவதாகவும், தனக்கு ஒரு கோட்டு கட்டாயம் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுமாறும் எழுதுகிறாள். நாள் முழுவதும் உட்கார்ந்து படம் வரைந்து அலுத்துவிட்டதாம். வார்ட்டன் இந்நேரம் நடக்கத் தொடங்கியிருப்பான், அவன் இங்கே இருந்தால் பொழுது போகும் என்கிறாள். வார்ட்டன் அந்நாள்களில் அதே நகரில் இருந்தான். கடிதத்தில் ஹோவர்ட் இப்போது எங்களோடு இல்லை என்றும் ஒரு சிறு வாக்கியம் வருகிறது. அவள் அதற்கு எந்த அழுத்தமும் தரவில்லை. அடுத்த செய்திக்குப் போய்விடுகிறாள். (சற்று முன் நான் எழுதிய ‘அலுத்துவிட்டதாம்’ என்பதன் ‘ஆம்’ அவளுடைய கூற்றைக் குறிப்பது, ஐயத்தை அன்று.)

ஹோம்ஸ் பிடிபட்டது கொலைக்காக அன்று. சிறையில் இருந்த மேரியன் ஹெட்ஜ்பெத் என்ற ரயில் கொள்ளையனிடம், ஒரு வழக்கறிஞரைப் பரிந்துரைப்பதற்கு 500 டாலர் தருவதாகச் சொல்லித் தராமல் விட்டான், அவன் காட்டிக்கொடுத்தான். 1894 நவம்பர் 17 அன்று பாஸ்டனில், டெக்சஸில் குதிரை திருடிய பழைய குற்றச்சாட்டைக் கைக்கொண்டு அவனைப் பிடித்தார்கள். காப்பீட்டு மோசடியை ஒப்புக்கொண்டான். பிள்ளைகள் மின்னி வில்லியம்ஸோடு இங்கிலாந்தில் நலமாக இருப்பதாகச் சொன்னான்.

அதை நம்பாதவர் ஃபிலடெல்பியாவின் துப்பறிவாளர் ஃபிராங்க் கையர். 1895 ஜூன் இறுதியில் தகரப் பெட்டிக் கடிதங்களையும் பிள்ளைகளின் நிழற்படங்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கடிதங்களில் இருந்த ஊர்ப்பெயரும் நாளுமே அவருக்கு வழிகாட்டி. ஒவ்வொரு நகரிலும் விடுதிப் பதிவேடுகளைப் புரட்டினார். தாய்வழித் தாத்தாவின் குடும்பப் பெயரான கேனிங் என்பதன் கீழ்ப் பிள்ளைகள் பதியப்பட்டிருந்ததைக் கண்டார். வீட்டுத் தரகர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். டொராண்டோவில் நாளிதழ்கள் அவருடைய தேடலை வெளியிட்டபின் ஒரு செய்தி வந்தது: செயின்ட் வின்சென்ட் தெருவில் ஒரு வீட்டை எடுத்தவர், உருளைக்கிழங்கு வைக்கக் குழி தோண்ட வேண்டும் என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் வாங்கியிருந்தார். கையர் அதே பக்கத்து வீட்டாரிடம் அதே மண்வெட்டியை இரவல் வாங்கித் தோண்டினார் என்பது அவருடைய நூலில் உள்ள செய்தி. 1895 ஜூலை 15. ஆலிஸும் நெல்லியும் நிலவறையின் மண்ணடியில் இருந்தனர். கேரி டொராண்டோவுக்கு வந்து, மகளின் கூந்தலைக் கொண்டு அடையாளம் சொன்னார். ஹோவர்டின் எச்சங்கள் ஆகஸ்ட் இறுதியில் இண்டியானாபோலிஸை அடுத்த இர்விங்டனில், ஒரு வாடகை வீட்டின் புகைபோக்கியில் கிடைத்தன. அத்தேடலைப் பற்றி விரிவாக எழுத இன்னும் எவ்வளவோ உண்டு. துப்பறியும் கலையில் பொறுமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

கோட்டைக் கதை பிறந்தது சரியாக இந்த இடைவெளியில். டொராண்டோச் செய்தி வந்த அதே ஜூலையில் சிக்காகோக் காவலர்கள் எங்கிள்வுட் கட்டடத்தைத் தோண்டத் தொடங்கினர். சில எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் சில விலங்குகளுடையவை. ஒரு பெட்டக அறையும் ஓர் உலையும் இருந்தன. செய்தியாளர்கள் வாயிலில் காத்திருந்தனர். நாளொன்றுக்கு ஒரு செய்தி வேண்டும். நியூயார்க்கில் புலிட்சரின் ‘வேர்ல்ட்’ நாளிதழ் ஆகஸ்டில் கட்டடத்தின் வரைபடத்தை, அறைதோறும் ஒரு கொடுமையைப் பெயரிட்டு, முழுப்பக்கப் படமாக வெளியிட்டது. எண்ணெய்த் தொட்டி நச்சுவாயுத் தொட்டியாயிற்று. ‘இருக்கக்கூடும்’ என்று காவலர் சொன்னது தலைப்பில் ‘இருந்தது’ ஆயிற்று. ஆகஸ்ட் 19 அன்று கட்டடத்தின் மேற்பகுதி எரிந்தது. சரிபார்க்க இனி அறைகளும் இல்லை.

அக்டோபர் 28 அன்று ஃபிலடெல்பியாவில் விசாரணை தொடங்கியது. ஹோம்ஸ் தொடக்கத்தில் தானே தனக்கு வாதாடினான். நவம்பர் 2 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. நீதிமன்றம் அவன்மீது உறுதிசெய்த கொலை ஒன்றே ஒன்று, பெஞ்சமின் பைட்ஸலுடையது.

அவன் விட்டுச்சென்ற எழுத்துகளைப் பார்க்க வேண்டும். 1895இல் தன் வரலாறு ஒன்றை வெளியிட்டு, தான் யாரையும் கொல்லவில்லை என்றான். 1896 ஏப்ரலில், பேரம் பேசி, 27 பேரைக் கொன்றதாக ஒரு வாக்குமூலம் எழுதி நாளிதழ்களுக்கு விற்றான். ஹெர்ஸ்ட் நிறுவனம் தந்த தொகை 7,500 டாலர் என்பர். அதில் எண்ணிட்டு வரிசைப்படுத்திய கொலைகள். பிறப்பிலேயே பேய் தன்னுள் இருந்தது என்றும், தன் முகமே பேய்முகமாக மாறிவருகிறது என்றும் அதில் எழுதினான். வெளிவந்த சில நாள்களிலேயே, பட்டியலில் இருந்த சிலர் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1896 மே 7 அன்று மோயமென்சிங் சிறையில் தூக்குமேடையில் நின்று, இரண்டு பெண்களின் சாவுக்கு மட்டுமே தான் பொறுப்பு, அதுவும் மருத்துவச் செயலின் விளைவு என்றான். பைட்ஸலைக் கொல்லவில்லை என்றான். சுழியம், இருபத்தேழு, இரண்டு. ஒரே கை, ஒன்றரை ஆண்டுக்குள், மூன்று கணக்கு. இம்மூன்றில் வரலாறு எதை எடுத்துக்கொண்டது என்பது நமக்குத் தெரியும்.

ஒப்புதல் வாக்குமூலம் என்ற உரைவகைக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. தனக்கு எதிராக ஒருவன் பேசுகிறான் என்பதாலேயே அதை நம்பிவிடுகிறோம். தூக்கு உறுதியாகிவிட்டவனுக்கு 27 என்பது எதிரான கூற்று அன்று, விலை கூட்டும் கூற்று என்பது எளிதில் மறந்துபோகிறது. 27 பிறகு எவ்வாறு 200 ஆயிற்று? ஹெர்பர்ட் ஆஸ்பரி 1940இல் சிக்காகோவின் நிழலுலகம் பற்றி எழுதிய நூல், பழைய நாளிதழ் ஊகங்களைத் தொகுத்து, கண்காட்சி விருந்தினர்களைச் சேர்த்து, எண்ணை அவ்வளவுக்கு உயர்த்தியது. பின்வந்த நூல்கள் ஆஸ்பரியை மேற்கோளாக்கின. அவற்றைப் பின்வந்தவை மேற்கோளாக்கின. 2003இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற எரிக் லார்சனின் நூல் மிகக் கவனமானது. கொலைக் காட்சிகள் சிலவற்றைச் சான்றுகளைக் கொண்டு தாமே ஊகித்து அமைத்ததாகக் குறிப்புப் பகுதியில் அவர் சொல்லியும் விடுகிறார். குறிப்புப் பகுதியைப் படிப்பவர் எத்தனை பேர்? நம் கணொளி உரையாளர்கள் நிச்சயம் படிப்பதில்லை. ஆடம் செல்சர் 2017இல் நாளிதழ்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டு எழுதிய நூல்தான், மேலே நான் சொன்ன மருந்துக்கடை, விடுதி முதலிய செய்திகளைப் பொதுவாசகர் அறியச் செய்தது. அதே ஆண்டு, தூக்கில் தொங்கியவன் வேறொருவன் என்ற மற்றொரு ‘ஆம்’ காரணமாக, ஹோம்ஸின் கல்லறையையே தோண்டினார்கள். தன் உடலைச் சிமெண்டில் புதைக்குமாறு அவன் கேட்டிருந்தான். பல்லைக் கொண்டு ஆய்ந்து, அவனேதான் என்று உறுதிசெய்தார்கள்.

பெயர் சொல்லத்தக்கவர்களை எண்ணினால் ஒன்பது பேர். ஒன்பதில் நால்வர் சிறார். 200 என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஒன்பது சிறிதாகத் தோன்றுவதை உணவுக்கூடத்திலேயே பார்த்தேன், ‘அவ்வளவுதானா?’ என்று ஒருவர் கேட்டார். ஏமாற்றம் அடைந்தவரின் குரல் அது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. 200 என்ற எண்ணுக்குள் ஒருவரின் பெயரும் இல்லாததால் யாரையும் இழந்ததாகவும் தோன்றாது.

கையரின் நூல் ‘தி ஹோம்ஸ்-பைட்ஸல் கேஸ்’ 1896இல் ஃபிலடெல்பியாவில் அச்சானது. பதிப்புரிமைக் காலம் முடிந்தது. மின்படி இலவசமாகக் கிடைக்கிறது. மொழியியல் மாணவர்களுக்குச் சான்றுரை பற்றிய வகுப்பில் வைத்துப் பேச நல்ல நூல். வேண்டுவோர் கீழே கேட்டால் அனுப்புகிறேன். பிள்ளைகளின் கடிதங்கள் பிழை திருத்தாமல் அதில் அச்சிடப்பட்டுள்ளன. நேற்று நான்காம் முறையாகப் படித்தபோதும் டெட்ராய்ட்டுக் கடிதத்தில், கோட்டு கேட்கும் இடத்திற்கும் தம்பி நடந்திருப்பான் என்னும் இடத்திற்கும் இடையில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.